சிவப்புக்கோட்டுப் பறவையும் பச்சைக்கோட்டுக் குரங்கும்

கூண்டுக்காரி என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில். வாசலில் யாரோ செருப்பை உதறும் சத்தம் கேட்டது. என் மாமியார் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"கூண்டுக்காரி வந்துட்டா. சோபா மேல அந்தப் பழைய போர்வையை விரிச்சு வை, சீக்கிரம்."

கோர்ட்டுக் கூண்டில் ஏறி இறங்கியவளோ என்று நினைத்துக்கொண்டேன். புதுப்பெண், யாரிடம் கேட்பது? போர்வையை விரித்துவிட்டு ஓரமாக நின்றேன். உள்ளே வந்தவள் என் வயதுதான் இருப்பாள். ஒடிசலான உடம்பு, நீளமான கை. பினாயிலும் ஈர வைக்கோலும் கனிந்த வாழைப்பழமும் சேர்ந்த ஒரு வாசனை அவளுக்கு முன்னால் வந்தது. போர்வையைப் பார்த்தாள், சிரித்தாள், தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பரவால்ல அத்தை. போர்வையைத் துவைக்கிற வேலை உங்களுக்கு மிச்சம்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதான் எங்க அத்தானைக் கட்டிக்கிட்டவங்களா? பயப்படாதீங்கக்கா, நான் கடிக்க மாட்டேன். கடிக்கிறதுங்களை அங்கேயே பூட்டிட்டுத்தான் வரேன்" என்றாள்.

முறை சொல்லிவிடுகிறேன். என் மாமியாரின் கூடப்பிறந்த தம்பிக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவன் பையன். அடுத்து வரிசையாக நான்கு பெண்கள். கூண்டுக்காரி அதில் மூன்றாவது பெண். ஆக, என் வீட்டுக்காரருக்கு மாமன் மகள். அந்த மாமன் மிருகக்காட்சி சாலையில் வாசல் காவலாளியாக இருந்தார். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அந்த வேலைக்குப் பதிலாகக் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தருவதாக ஆபீஸில் சொன்னார்கள். முதலில் அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். "சாணி அள்றதுக்கா என்னைப் படிக்க வச்சீங்க?" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூத்த பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவள் இவள். போனாள். அண்ணன் அதற்குப் பிறகும் படித்தது இவள் சாணி அள்ளிய சம்பளத்தில்தான். அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நான்கு பெண்கள் என்றேனே, நான்காவது ஒருத்தி இருந்தாள். கடைக்குட்டி. அவள் பேச்சை எடுத்தாலே கூண்டுக்காரியின் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். ஒரு குளிர்காலத்தில் அண்ணனுக்கும் கடைக்குட்டிக்கும் சேர்ந்தாற்போல் விஷக்காய்ச்சல் வந்திருக்கிறது. வீட்டில் ஒரே ஒரு கரியடுப்பு. பையனுக்கு அடுப்போரம் படுக்கை. கடைக்குட்டிக்குக் கதவோரம். கதவின் அடியில் சந்து. காற்று உள்ளே வரும். கூண்டுக்காரி அப்போது சின்னப்பெண். தங்கையின் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாளாம். "அம்மா, இவளையும் அடுப்புகிட்ட படுக்க வைம்மா" என்றதற்கு, "ஒத்தப் பிள்ளைடி அவன். நெருக்கினா அவனுக்கு மூச்சு முட்டும். உங்களுக்கென்ன, நாலு பேர் இருக்கீங்க" என்று பதில் வந்தது. விடிவதற்குள் மூன்று பேர் ஆனார்கள்.

இதை அவள் என்னிடம் சொன்னபோது அழவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "ரெண்டு பேரும் அடுப்புகிட்ட தாராளமா படுத்திருக்கலாம்கா. இடம் இருந்துச்சு. எனக்கு அந்த இடம் இன்னும் கண்ணுலயே இருக்கு" என்றாள்.

மிருகக்காட்சி சாலையில் அவளுக்குப் பின்கட்டில் வேலை. ஜனங்கள் பார்க்கும் பெரிய கூண்டுகளுக்குப் பின்னால், நோய் கண்டதையும் புதிதாக வந்ததையும் வைத்துப் பார்க்கிற ஒரு நீளக் கட்டடம். சிமெண்ட் நடை, இரண்டு பக்கமும் அறைகள், ஒவ்வொரு அறை வாசலிலும் கால் நனைக்க மருந்துத் தண்ணீர்த் தட்டு. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் பெண்ணின் வேலையைக் கேட்டதும் மாப்பிள்ளை வீட்டார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். அப்புறம் அந்தப் பேச்சே நின்றுபோனது.

அவளுக்கென்று வாய்த்தது இரண்டே ஜீவன்கள்தான். ஒன்று கருமூஞ்சிப் பெண்குரங்கு. தாய் லாரியில் அடிபட்டுச் செத்தபோது அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்த குட்டியாக வந்தது. பிறந்ததிலிருந்தே முகமெல்லாம் சுருக்கமாக இருந்ததால் கிழவி என்று கூப்பிட்டாள். பால் புட்டியில் வளர்த்தாள். கூட்டிப் பெருக்கும்போது அவள் முதுகில் தொங்கிக்கொண்டே வரும். பெரிதானபின் மற்ற குரங்குகளோடு விட்டுப் பார்த்தார்கள். அவை சேர்த்துக்கொள்ளவில்லை, கடித்துக் குதறிவிட்டன. திரும்பப் பின்கட்டுக்கே வந்தது.

இன்னொன்று ஒரு பாடும் பறவை. கள்ளத்தனமாகப் பிடித்து விற்க வந்தவர்களிடமிருந்து பறித்துக் கொண்டுவந்தது. பார்க்க ஒன்றும் இல்லை. மண் நிறம், கைப்பிடிக்குள் அடங்கும் உடம்பு, தொண்டையில் மட்டும் மஞ்சளைத் தொட்டு வைத்தாற்போல் ஒரு தீற்று. ஆனால் வாயைத் திறந்தால் அந்தக் கட்டடமே வாயை மூடிக்கொள்ளும். அதற்கு மகாராசி என்று பெயர் வைத்தாள். அது இருந்த காடு முழுவதையும் வெட்டிவிட்டார்களாம். உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய பறவைகள்தான் மிச்சம் என்று அங்கிருந்த மிருக டாக்டர் சொன்னாராம்.

அறை வாசலில் பலகை மாட்டியிருப்பார்கள். நான் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது பெரியவன் வாசித்துச் சொன்னான். பறவைப் பலகையில் இப்படி இருந்தது: வகுப்பு, பறவைகள். வரிசை, கிளையில் அமரும் பறவைகள். நிலை, மிக அருகிய இனம். அதன் கீழே சிவப்புக்கோடு. எதிர் அறைக் குரங்குப் பலகையில்: வகுப்பு, பாலூட்டிகள். வரிசை, முதனிகள். நிலை, கவலைக்குரியதல்ல. பச்சைக்கோடு.

"முதனின்னா என்ன சித்தி?" என்று என் மகன் கேட்டான்.

"மனுசனும் குரங்கும் சேர்ந்த கூட்டம்டா. நீயும் நானும் கிழவியும் ஒரே வரிசை."

"அப்போ மகாராசி?"

"அவளும் சொந்தம்தான். முதுகெலும்பு வரைக்கும் எல்லாரும் ஒரே குடும்பம். அப்புறம் பாகப்பிரிவினை ஆயிடுச்சு. அவங்க முட்டைப் பக்கம் போயிட்டாங்க, நாம பால் பக்கம் வந்துட்டோம். அவங்களுக்கு இறக்கை விழுந்துச்சு, நமக்குக் கை விழுந்துச்சு. கிழவி நமக்குப் பங்காளி. மகாராசி தூரத்து உறவு, கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்ப மறந்துடற மாதிரி."

என் சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கவலைக்குரியதல்லன்னு போட்டிருக்கே, கிழவிக்குக் கவலையே இல்லையா சித்தி?"

"கிழவிக்குக் கவலை இல்லைன்னு அர்த்தமில்லடி கண்ணு. கிழவியைப் பத்தி வேற யாருக்கும் கவலை இல்லைன்னு அர்த்தம்."

பிள்ளைகள் அதற்கும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் என் காதோரம் வந்து, "எங்க வீட்லயும் பலகை மாட்டியிருந்தா இப்படித்தான் இருந்திருக்கும், இல்லக்கா? அண்ணன் சிவப்புக்கோடு. நாங்க பச்சைக்கோடு" என்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும். மகாராசி மேல் அவளுக்கு வெறுப்பு துளியும் கிடையாது. அவள் நடையைக் கழுவும்போது துடைப்பம் உரசுகிற சத்தம் கேட்டால்தான் அது பாடும். வேறு யார் கழுவினாலும் பாடாது. அதற்காகவே கழுவின இடத்தையே திரும்பக் கழுவுவாள். ஒரு ஜோடி தேடித் தர மாட்டார்களா என்று டாக்டரை நச்சரிப்பாள். "எனக்குத்தான் யாரும் வரல, அவளுக்காச்சும் ஒருத்தன் வரட்டும் சார்" என்பாளாம். டாக்டர் சிரித்துவிட்டுப் போவார். எங்கே இருந்து வருவான்?

அடுத்து வந்த குளிர்காலம் எல்லாவற்றையும் கெடுத்தது. மழையும் காற்றுமாக அடித்து மரங்கள் சாய்ந்தன. கரண்ட் கம்பிகள் அறுந்து தெருவில் கிடந்தன. மிருகக்காட்சி சாலையில் ஜெனரேட்டர் ஒன்று உண்டு, பழையது. அதை வைத்துப் பாம்பு வீட்டையும் சமையல் கூடத்துக் குளிர்பெட்டியையும் ஓட்டியதுபோகப் பின்கட்டுக்கு ஒரே ஒரு ஹீட்டருக்குத்தான் கரண்ட் வந்தது. கிழவிக்கு அதற்கு முன்பே சளி கட்டிக் காய்ச்சல் ஏறியிருந்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டது, ஊட்டினால் விழுங்கவில்லை. கூண்டுக்காரி சூப்பர்வைசரிடம் ஓடினாள். நடந்ததை அவள் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள்.

"சார், கிழவிக்கு உடம்பு கொதிக்குது, கை கால் ஐஸா இருக்கு. ஹீட்டரை அந்த அறையில வைக்கலாமா? கொஞ்ச நேரம்?"

"பறவை அறையில இருந்து எடுக்கக்கூடாதும்மா. இந்தக் குளிர்ல அது அரை மணி நேரம் தாங்காது."

"கிழவியும் தாங்காது சார்."

"தெரியுது. நான் என்ன கல் நெஞ்சுக்காரனா? ஒரு ஹீட்டர்தான் ஓடும்னா நான் எதைப் பார்த்து முடிவு பண்றது? பலகையைத்தான் பார்க்கணும். கிழவி மாதிரி காட்டுல ஆயிரக்கணக்குல இருக்கு. மகாராசி போனா நான் எங்கே போய்த் தேடுவேன்?"

"காட்டுல இருக்கிறது எதுவும் கிழவி இல்லையே சார்."

"மகாராசி மாதிரியும் வேற ஒண்ணு இல்லையேம்மா."

அந்த மனுஷன் சொன்னதிலும் தப்பில்லை. அதைக் கூண்டுக்காரியே சொன்னாள். "அவர் கெட்டவர் இல்லக்கா. தன்னோட சால்வையை உருவி, கிழவி மேல போத்துன்னு குடுத்துட்டுத்தான் போனார்" என்றாள்.

சாய்ந்த மரத்தை நகர்த்த ஆளெல்லாம் முன்வாசலுக்குப் போய்விட்டார்கள். பின்கட்டில் இவள் ஒருத்திதான். சால்வைக்குள் கிழவி நடுங்கியது. அதன் காலை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கால் சூடேறவே இல்லை. எதிர் அறைக் கதவின் கண்ணாடியில் ஹீட்டரின் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. உள்ளே இடம் கிடந்தது. ஓர் ஆள் கையை விரித்துப் படுக்கிற அளவுக்கு இடம்.

குரங்கையும் பறவையையும் ஒரே அறையில் வைக்கக்கூடாது என்று அங்கே கண்டிப்பான விதி உண்டு. அவளுக்கும் தெரியும். சளி தொற்றிவிடும் என்பதற்காகத்தான் அந்த விதி என்று அவள் நினைத்திருந்தாள். கிழவியைக் கம்பிக்கதவு போட்ட தூக்குப்பெட்டிக்குள் வைத்துக் கீழே ஒரு மூலையில் விட்டால், உயரத்தில் கொக்கியில் தொங்கும் மகாராசிக்கு மூச்சுக்காற்றுகூடப் போகாது என்று கணக்குப் போட்டாள். ஒன்றைக் காப்பாற்றி ஒன்றை விடுகிற வேலை அவளுக்கு வேண்டாம். இரண்டும் பிழைக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

கால் நனைத்தாள். கிழவியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனாள். மூலையில் வைத்தாள். மகாராசியின் கூண்டைக் குளிருக்காகத் துணியால் மூடியிருந்தார்கள். அந்தத் துணியை எடுத்துவிட்டாள்.

இந்த இடத்தில்தான் நான் அவளைத் தடுத்துக் கேட்டேன். "துணியை ஏன்டி எடுத்தே?"

"முகம் பார்த்துக்கட்டும்னுதான்கா. நம்ம குடும்பத்துல சண்டை போட்டவங்களைக்கூட ஒரே அறையில உட்கார வச்சு, முகத்தைப் பாரு, முகத்தைப் பாருன்னு அத்தை சொல்லுவாங்களே. முகம் தெரியாம ஒரு அறைக்குள்ள யாரோ இருமுனா பயமா இருக்காதா? நம்ம கிழவிதான்னு தெரிஞ்சா பழகிடும்னு நினைச்சேன்."

சூடு பட்டதும் கிழவி கண்ணைத் திறந்தது. மூச்சு கொஞ்சம் இறங்கியது. இவளுக்கு உயிர் வந்தது. பால் காய்ச்சிக் கொண்டுவரலாம் என்று காவலாளி அறைக்குப் போனாள். அங்கே மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. பால் பொங்கி இறக்குகிற நேரம்தான். திரும்பி நடையில் வரும்போதே கம்பி அதிரும் சத்தம் கேட்டது. கிழவிக்குத் தெம்பு வந்துவிட்டது, கதவைப் பிடித்து ஆட்டுகிறது என்று சிரித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

கிழவி எழுந்து உட்கார்ந்திருந்தது. பெட்டிக் கம்பியை இரண்டு கையாலும் உலுக்கிக்கொண்டிருந்தது. மகாராசி கூண்டின் தரையில் மல்லாந்து கிடந்தது. இறகுகள் கூண்டெங்கும் சிதறிக் கிடந்தன. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"கிழவி தொடவே இல்லக்கா. தொட முடியாது. அவ பசியில உலுக்குனா. இவ பயத்துல செத்துட்டா."

மிருக டாக்டரும் அதைத்தான் சொன்னார். காட்டில் குரங்குகள் கூட்டைக் கலைத்து முட்டையும் குஞ்சும் தின்னுமாம். அந்தப் பயம் பறவையின் ரத்தத்திலேயே ஊறிப்போயிருக்குமாம். குரங்கு முகத்தைப் பார்த்தும் பறந்து ஓட வழியில்லாமல் போனதால் நெஞ்சு நின்றுபோய்விட்டது என்றார். அந்தத் துணி இருந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"கையில பால் இருந்துச்சு. கிழவி கை நீட்டுனா. குடுத்தேன். வேற என்னக்கா பண்றது? ஒரு கையில மகாராசியை வச்சுக்கிட்டு இன்னொரு கையால பால் குடுத்தேன்."

விசாரணை வைத்தார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை, யார்மேலும் சாட்டவில்லை. சூப்பர்வைசரைத் தூரத்து ஊருக்கு மாற்றினார்கள், இவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். பேப்பரில் படம் போட்டு எழுதினார்கள். பேப்பர் வந்த அன்று எங்கள் வீட்டில் எல்லாரும் கூடினோம். அவள் அண்ணன் பேப்பரை மடித்து மடித்துத் தொடையில் தட்டிக்கொண்டே நடந்தான். அவன் அப்போது ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர்.

"ஆபீஸ்ல தலைகாட்ட முடியல. உன் தங்கச்சியாமேன்னு ஒவ்வொருத்தனும் கேக்கறான். உலகத்துலயே நாலஞ்சுதான் மிச்சம் இருந்த பறவையாம். அதைப் போய் ஒரு குரங்குக்காகச் சாகடிச்சிருக்கா. குரங்குக்காக!"

"சாகடிக்கணும்னு செய்யல அண்ணே."

"பின்னே எதுக்கு செஞ்சே? எது முக்கியம், எது போனா பரவால்லன்னு ஒரு மனுசிக்குத் தெரிய வேணாமா?"

"அது நல்லாத் தெரிஞ்ச வீட்லதான் அண்ணே நானும் வளர்ந்தேன்."

அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். "இப்ப எதுக்குடி அதை இழுக்கறே? செத்துப்போனவளை எதுக்குடி கூப்பிடறே?" என்று தேம்பினாள்.

"நான் கூப்பிடலம்மா. பலகை மாட்டுனது நீங்க."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. காய்ச்சலில் கிடந்தவனுக்கு அந்த இரவு எப்படித் தெரியும்? அவனிடம் யாரும் சொன்னதுமில்லை. "என்ன பலகை? என்ன உளர்றா இவ?" என்று எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். என் மாமியார் மட்டும், "இவ எப்பவும் இப்படித்தான், விடுப்பா" என்றார். கூண்டுக்காரி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

நெடுநாள் கழித்து என்னை வந்து கூப்பிட்டாள். "அக்கா, கிழவியை ஒரு தடவை பார்க்கணும். தனியாப் போக என்னமோ மாதிரி இருக்கு." டிக்கெட் எடுத்துக்கொண்டு, மற்ற ஜனங்களோடு ஜனங்களாக உள்ளே போனோம். முன்வாசலைத் தாண்டியதும் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் மகாராசி. பஞ்சு அடைத்து, பொய்க் கிளையில் உட்கார வைத்திருந்தார்கள். கீழே பொத்தான் ஒன்று இருந்தது. அழுத்தினால் ஒலிநாடாவில் பிடித்து வைத்த பாட்டு வந்தது. பிள்ளைகள் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"இது மகாராசி இல்லக்கா. வேற பறவையோட குரல். அவ பாடுறப்ப நடுவுல ஒரு தடவை இழுத்து நிறுத்துவா."

"சொல்லிட்டு வரலாமா, ஆபீஸ்ல?"

"யாரு சொன்னதுன்னு கேப்பாங்களே" என்றாள்.

கிழவியைக் கூண்டுத் தெருவில் ஜனங்கள் பார்க்கும் பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். நன்றாகத் தேறியிருந்தது, முடி பளபளத்தது. கூடவே ஓர் ஆண்குரங்கு. கிழவி அதற்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. இவள் மெதுவாக, "கிழவி" என்றாள். திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் இவளைப் பார்த்துச் சிரித்தார்கள். கிழவி ஒருமுறை திரும்பியது. எல்லாரையும் பார்ப்பதுபோல இவளையும் பார்த்தது. பிறகு பேன் பார்க்கப் போய்விட்டது.

"நல்லா இருக்காக்கா" என்றாள்.

"மறந்துடுச்சு போலிருக்கே" என்று வாய்தவறி வந்துவிட்டது எனக்கு.

"மறக்கட்டும். நினைச்சுக்கிட்டு இருந்தா நான் தினமும் டிக்கெட் எடுக்கணும்."

அதன்பிறகு அவள் அங்கே போகவில்லை. அம்மா செத்தபோது வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போனாள். அண்ணன் வீட்டு விசேஷங்களுக்கு அவளுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. சொன்னாலும் அவள் வரப்போவதில்லை. என்னிடம் மட்டும் எப்போதாவது வருவாள். கீரை இருந்தால் ஆய்ந்து கொடுப்பாள்.

இப்போது அவள் ஊருக்கு வெளியே ஒரு சலவைக் கம்பெனியில் இருக்கிறாள். ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்து அடுக்குகிற வேலை. கம்பெனிக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாகத் தங்கியிருக்கிறாள்.